குறைந்தது எங்கே போயிற்று? பழைய காரில் பவர் ஸ்டியரிங் திரவத்தைப் பேணும் முறை

எமது நகரப் பகுதியில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றின் வீட்டு வாசலில், பதினைந்து இருபது ஆண்டுகள் ஓடிய கார் ஒன்று நிற்பதைக் காணலாம். அதிகாலை வேலைக்கும், சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கும், கோயிலுக்கும், முதியோரை வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்வதற்கும் அதுவே துணை. மிகத் தாழ் உமிழ்வு வலயம் 2023 ஆகஸ்ட் 29 இல் லண்டன் முழுவதற்கும் விரிவாக்கப்பட்ட பின்னரும், பொதுவாக 2005 ஆம் ஆண்டுக்குப் பின் பதிவான பெட்ரோல் கார்கள் நாளாந்தக் கட்டணமின்றி ஓட முடிகின்றது. ஆதலால் அக்காலத்துக் கார்கள் இன்னும் சில ஆண்டுகள் எம்மோடு இருக்கத்தான் போகின்றன. அவற்றுள் பலவற்றில் சுக்கானைத் திருப்ப உதவுவது திரவ அழுத்தத்தால் இயங்கும் பவர் ஸ்டியரிங் ஆகும். அத்திரவத்தை எவ்வாறு சோதிப்பது, எதை ஊற்றுவது, எப்பொழுது கராஜுக்குச் செல்வது, சட்டம் என்ன சொல்கின்றது என்பனவற்றை இக்கட்டுரை எடுத்துரைக்கின்றது.

இதனை எழுதத் தூண்டியது எனது சொந்தத் தவறே. சில ஆண்டுகளுக்கு முன், ஒரு குளிர்காலத்தில், எனது பழைய காரின் சுக்கானைத் திருப்பும்போதெல்லாம் முனகல் ஒலி எழுந்தது. திரவம் குறைந்திருந்தது. ஒரு போத்தல் வாங்கி ஊற்றினேன், ஒலி நின்றது. மூன்று கிழமைகளில் மீண்டும் முனகியது, மீண்டும் ஊற்றினேன். மூன்றாவது போத்தலும் தீர்ந்திருந்த ஒரு மழைநாள் மாலை, சுற்றுவட்டம் ஒன்றினுள் நுழைந்த வேளையில் சுக்கான் கல்லாய் இறுகிற்று. பின் இருக்கையில் என் மாமியார் இருந்தார். இரு கைகளாலும் முழுப் பலத்தோடு இழுத்துத்தான் காரை ஓரமாக்க முடிந்தது. பின்னால் வந்த பேருந்துச் சாரதி சடுதியாகப் பிறேக் போட்டதால் தப்பினோம். மறுநாள் மெக்கானிக் காட்டியது, வெடித்துப் போன இறப்பர்க் குழாய் ஒன்றை. மூன்று மாதங்களாக அந்தக் குழாய் எனக்குச் செய்தி அனுப்பிக் கொண்டிருந்தது. நான் அதனை வாசிக்கவில்லை.

1. முதலில் அறிய வேண்டிய விதி

பெட்ரோல் எரிந்து தீர்கின்றது. கண்ணாடி கழுவும் நீர் தெளிக்கப்பட்டுத் தீர்கின்றது. எஞ்சின் எண்ணெயிலும் ஒரு சிறு பகுதி எரிந்து போவதுண்டு. பிறேக் திரவத்தின் மட்டம், பிறேக் பட்டைகள் தேயத் தேயச் சற்றுத் தாழும். பவர் ஸ்டியரிங் திரவம் இவற்றைப் போன்றதன்று. அது மூடிய சுற்று ஒன்றினுள் மீண்டும் மீண்டும் ஓடுவது, செலவாவதில்லை. ஆகவே அதன் மட்டம் தெளிவாகக் குறைந்திருக்குமாயின், குறைந்த அளவு எங்கோ வெளியே கசிந்திருக்கின்றது என்பதே பொருள். ஊற்றி நிரப்புவது பழுதுபார்த்தல் ஆகாது; கசிவைக் கண்டுபிடிக்கும் வரை காலம் வாங்குவது மட்டுமே. இக்கட்டுரையில் ஒன்றை மாத்திரம் நினைவில் வைப்பதாயின், இவ்விதியை வைத்துக் கொள்ளுங்கள்.

2. உள்ளே நடப்பது என்ன?

திரவ அழுத்தத்தால் ஸ்டியரிங்கை இலகுவாக்கும் முறையை அமெரிக்கப் பொறியியலாளர் பிரான்சிஸ் டேவிஸ் 1920களில் உருவாக்கினார். விற்பனைக்கு வந்த பயணிகள் காரில் அது முதன்முதலில் இடம்பெற்றது 1951 ஆம் ஆண்டின் கிறைஸ்லர் இம்பீரியலில் ஆகும்.

எஞ்சின் சுழலும்போது ஒரு பெல்ட் சிறிய பம்பு ஒன்றையும் சுழற்றுகின்றது. அப்பம்பு சிறு தாங்கி ஒன்றிலிருந்து திரவத்தை உறிஞ்சி, உயரழுத்தக் குழாய் வழியாக முன்சில்லுகளைத் திருப்பும் பொறியமைப்புக்கு அனுப்புகின்றது. நீங்கள் சுக்கானை இடப்புறம் திருப்பினால் ஒரு வால்வு அத்திரவத்தை ஒரு பக்கத்துக்கும், வலப்புறம் திருப்பினால் மறுபக்கத்துக்கும் செலுத்துகின்றது. அந்த அழுத்தமே உங்கள் கையோடு சேர்ந்து சில்லுகளைத் தள்ளுகின்றது. பின்னர் திரவம் தாழ்ந்த அழுத்தக் குழாய் வழியாகத் தாங்கிக்குத் திரும்புகின்றது.

இத்திரவத்துக்கு மூன்று பணிகள் உண்டு: அழுத்தத்தைக் கடத்துவது, பம்பின் உட்பாகங்களுக்கு மசகாக இருப்பது, வெப்பத்தைக் கொண்டு செல்வது. மட்டம் தாழ்ந்தால் பம்பு திரவத்தோடு காற்றையும் உறிஞ்சும். காற்றுக் குமிழிகள் கலந்த திரவத்தால் முறையாக அழுத்தவும் முடியாது, மசகிடவும் முடியாது. நீங்கள் கேட்கும் முனகல் அப்பொழுது எழுவதே. அதைப் பொருட்படுத்தாது ஓட்டினால், ஒரு குழாயோடு முடிந்திருக்க வேண்டிய செலவு பம்பு வரைக்கும் செல்லும்.

3. உங்கள் காரில் இத்திரவம் உண்டா?

எல்லாக் கார்களிலும் இல்லை. மூன்று வகைகள் உள்ளன.

முதலாவது, மேலே விளக்கியவாறு பெல்ட்டினால் இயங்கும் திரவ முறை. இரண்டாவது, மின்மோட்டார் பம்பை இயக்கும் கலப்பு முறை. வொக்ஸ்ஹோல் அஸ்ட்ரா போன்ற சில கார்களின் 2000களின் வெளியீடுகளில் இது உண்டு. இதற்கும் திரவம் தேவை. ஆனால் தாங்கி எளிதில் கண்ணில் படாத இடத்தில் இருக்கலாம். மூன்றாவது, முழுவதும் மின்மோட்டாரால் இயங்கும் முறை. ஹொண்டா ஜாஸ் இதற்கு உதாரணம். இதில் திரவமே இல்லை. சுக்கான் இறுகினால் ஊற்றுவதற்கு எதுவுமில்லை, கராஜுக்குத்தான் செல்ல வேண்டும்.

உங்கள் கார் எவ்வகை என்பதை வாகனக் கையேடு கூறும். கையேடு தொலைந்திருந்தால், தயாரிப்பு நிறுவனங்கள் பலவற்றின் இணையத்தளங்களில் அதனைக் கட்டணமின்றிப் பெறலாம்.

4. மூடியில் உள்ளதை வாசியுங்கள்

மொழிபெயர்ப்பாளன் என்ற முறையில் ஒன்றை வலியுறுத்த விரும்புகின்றேன். காரைப் பற்றிய மிக முக்கியமான சட்டப் பத்திரம் காப்புறுதிச் சான்றிதழ் என்றால், மிக முக்கியமான தொழில்நுட்ப வாசகம் அந்தத் தாங்கியின் மூடியில் உள்ள இரண்டொரு சொற்கள். ஆங்கிலம் இலகுவாக வராதவர்கள் அம்மூடியைக் கைபேசியில் படமெடுத்து, உதிரிப்பாகக் கடையில் காட்டினாலே போதும்.

"பவர் ஸ்டியரிங் திரவம்" என்பது ஒரே பொருளின் பெயரன்று. வெவ்வேறு தயாரிப்பாளர்கள் வெவ்வேறு திரவங்களைக் கேட்கின்றனர்:

• டொயோட்டாவின் பழைய திரவ முறைக் கார்கள் பலவற்றில், தானியங்கிக் கியர்பெட்டிக்குரிய "டெக்ஸ்ரன்" வகை எண்ணெயே பயன்படுகின்றது. இது பெரும்பாலும் சிவப்பு நிறமானது.

• நான்காம் தலைமுறை கோல்ஃப் போன்ற வொக்ஸ்வாகன் கார்களுக்கு, பச்சை நிறமுடைய விசேட ஹைட்ராலிக் திரவம் வேண்டும்.

• ஹொண்டாவின் திரவ முறைக் கார்களுக்கு அந்நிறுவனத்தின் தனித் திரவம் உண்டு. கியர்பெட்டி எண்ணெயை ஊற்ற வேண்டாம் என ஹொண்டா எச்சரிக்கின்றது.

• பிஎம்டபிள்யூ கார்களில் ஒரே மாதிரிக்குள்ளேயே இருவகைத் திரவங்கள் உண்டு. எது என்பதை மூடியைப் பார்த்தே அறிய வேண்டும்.

நிறத்தை மட்டும் நம்பி வாங்காதீர்கள். நிறம் ஒரு சாயமே. "எல்லாக் கார்களுக்கும் பொருந்தும்" என்று எழுதிய போத்தலாயினும், பின்புறத்தில் உங்கள் காருக்குரிய தரக்குறியீடு அச்சிடப்பட்டுள்ளதா எனப் பாருங்கள். பொருந்தாத திரவம் இறப்பர் அடைப்புகளை வீங்கவோ இறுகவோ செய்து புதிய கசிவை உண்டாக்கக்கூடும்.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்றுண்டு. பொனட்டின் கீழ் பிறேக் திரவத்தின் தாங்கியும் இத்தாங்கியும் ஒன்றுக்கொன்று அருகே இருக்கலாம். பவர் ஸ்டியரிங் திரவம் பிறேக் தாங்கியினுள் சிறிதளவு சேர்ந்தாலும் பிறேக்கின் இறப்பர் அடைப்புகள் வீங்கிப் பழுதடையும். பிறேக் வேலை செய்யாது போகலாம். தவறி ஊற்றிவிட்டால் எஞ்சினை இயக்காதீர்கள், பிறேக்கை மிதிக்காதீர்கள், காரை ஓட்டாதீர்கள். கராஜை அழையுங்கள்.

5. சோதிக்கும் முறை

மாதம் ஒருமுறை, ஐந்து நிமிடங்கள் போதும்.

(அ) காரைச் சமதளத்தில் நிறுத்தி, சில்லுகளை நேராக வைத்து, எஞ்சினை நிறுத்துங்கள். கையேடு வேறு விதமாகக் கூறின் அதனையே பின்பற்றுங்கள்.

(ஆ) மூடியையும் அதனைச் சூழவுள்ள பகுதியையும் துணியால் துடைத்துவிட்டுத் திறவுங்கள். உள்ளே விழும் மணல்துகள் ஒன்று பம்பைக் கீறிச் சிதைக்கும்.

(இ) மட்டத்தைப் பாருங்கள். சில தாங்கிகள் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக்கால் ஆனவை. சிலவற்றில் மூடியோடு ஒரு சிறு அளவுகோல் இணைந்திருக்கும். "மின்" என்பது மிகக் குறைந்த மட்டம். "மாக்ஸ்" என்பது உச்ச மட்டம். "கோல்ட்", "ஹாட்" என இரு குறிகள் இருப்பின், இரவு முழுதும் நின்ற காருக்கு முதலாவதும், ஓடி வந்த காருக்கு இரண்டாவதும் பொருந்தும். திரவம் சூட்டில் விரியும். எனவே இன்று சூட்டில் பார்த்ததை நாளை குளிரில் பார்த்ததோடு ஒப்பிட்டுக் கசிவு என மயங்க வேண்டாம்.

(ஈ) ஒரு துளியை வெள்ளைத் தாளில் இட்டு நிறத்தைப் பாருங்கள். தெளிவாக இருப்பின் நன்று. கரும்பழுப்பாகி எரிந்த வாடை வீசினால் மாற்றும் காலம் வந்துவிட்டது. நுரைத்திருப்பின் காற்றுப் புகுந்திருக்கின்றது. உலோகத் துகள்கள் மினுங்கினால் பம்பு தேய்கின்றது.

(உ) பார்த்த மட்டத்தையும் திகதியையும் எழுதி வையுங்கள். ஒருமுறை பார்த்த மட்டத்தைவிட, மூன்று மாதங்களின் மட்டங்கள் அதிகம் சொல்லும்.

6. கசிவைத் தேடுதல்

இரவில் காரின் முன்பாகத்தின் கீழ் ஒரு பெரிய அட்டையை விரித்து, காலையில் பாருங்கள். நிறமும் பிசுபிசுப்பும் அற்ற நீர் எனின் அது குளிரூட்டியின் நீர், அச்சமில்லை. இனித்த மணமுடைய நிறநீர் எனின் எஞ்சின் குளிர்விப்பு நீர். கரும்பழுப்பு எனின் எஞ்சின் எண்ணெயாக இருக்கலாம். தாங்கியில் உள்ள அதே நிறத்தில் எண்ணெய்ப் பசையோடு இருப்பின், நீங்கள் தேடுவது அதுவே.

அட்டை சுத்தமாக இருந்தும் மட்டம் குறைகின்றதா? கசியும் திரவம் ஸ்டியரிங் பொறியின் இரு முனைகளிலும் உள்ள இறப்பர் உறைகளினுள் தேங்கி நிற்கலாம். கராஜில் காரை உயர்த்தித்தான் இதனைப் பார்க்க முடியும். குழாய்களின் பொருத்துகளும், பம்பின் அச்சு அடைப்பும் கசிவுக்குரிய ஏனைய இடங்கள். இத்திரவம் தீப்பற்றக்கூடியது. சூடேறிய புகைபோக்கிக் குழாயின் மீது அது சொட்டிப் புகையோ எரிவாடையோ எழுமாயின், காரை ஓட்டுவதைக் கைவிடுங்கள்.

கசிவை அடைப்பதாக விற்கப்படும் சேர்மானங்கள், உலர்ந்த அடைப்பு ஒன்றைச் சிறிது காலம் மென்மையாக்கலாம். வெடித்த குழாயை அவை ஒட்டுவதில்லை.

7. நிரப்புதலும் மாற்றுதலும்

நிரப்பும்போது சிறிது சிறிதாக ஊற்றுங்கள். "மாக்ஸ்" குறிக்கு மேல் ஊற்றினால், சூட்டில் விரிந்து வெளியே வழியும். பின்னர் எஞ்சினை இயக்கி, சுக்கானை இரு புறமும் மெதுவாகச் சில தடவைகள் திருப்பி, நிறுத்தி, மட்டத்தை மறுபடி பாருங்கள். சுக்கானை எல்லை வரை திருப்பிப் பிடித்து வைத்திருப்பது பம்புக்கு மிகுந்த அழுத்தம் தரும். சில வினாடிகளுக்கு மேல் வேண்டாம். தரிப்பிடங்களில் எம்மவர் பலரிடம் காணப்படும் இப்பழக்கத்தைக் கைவிட்டாலே பம்பின் ஆயுள் கூடும்.

பல தயாரிப்பாளர்கள் திரவத்தை மாற்றும் கால எல்லை எதையும் குறிப்பிடவில்லை. கையேட்டில் குறிப்பு இல்லையாயின் நிறமும் வாடையுமே வழிகாட்டி. முழுமையாக மாற்றுவதற்கு முன்சில்லுகளை உயர்த்திக் காற்றை வெளியேற்ற வேண்டும். இது கராஜின் வேலை. தகுந்த தாங்குகால்கள் இன்றி, ஜாக் ஒன்றை மட்டும் நம்பிக் காரின் கீழ் எவரும் புகலாகாது.

8. ஓடும்போது சுக்கான் இறுகினால்

பதற்றம் வேண்டாம். உதவி அழுத்தம் மட்டுமே போயிருக்கின்றது. சுக்கானுக்கும் சில்லுகளுக்கும் இடையேயுள்ள இயந்திரத் தொடர்பு இருக்கின்றது. இரு கைகளாலும் உறுதியாகப் பிடியுங்கள். வேகத்தைப் படிப்படியாகக் குறையுங்கள். வேகம் குறையக் குறையச் சுக்கான் மேலும் கனக்கும் என்பதை எதிர்பாருங்கள். எச்சரிக்கை விளக்குகளைப் போட்டு, பாதுகாப்பான இடத்தில் நிறுத்துங்கள். பற்றறி விளக்கும் சேர்ந்து எரிந்தால் பெல்ட் அறுந்திருக்கலாம், எஞ்சினும் சூடேறக்கூடும். மேலும் ஓட்டாதீர்கள்.

9. சட்டம் கூறுவது

எம்.ஓ.டி சோதனையில் ஸ்டியரிங்கும் பரிசோதிக்கப்படுகின்றது. 2018 மே 20 முதல் குறைபாடுகள் மூன்று தரங்களாக வகுக்கப்பட்டுள்ளன. திரவ மட்டம் "மின்" குறிக்குக் கீழ் இருப்பது சிறு குறைபாடு; கார் சித்தியடையும். திரவம் கசிவதும் தாங்கி வெறுமையாக இருப்பதும் பெருங் குறைபாடு, கார் சித்தியடையாது. உதவி செயலிழந்து, அதனால் காரைச் செலுத்துவதே பாதிக்கப்பட்டிருப்பின் அது ஆபத்தான குறைபாடு. திருத்தும் வரை வீதியில் ஓட்டவே கூடாது.

சான்றிதழில் "அட்வைசரி" எனவும் குறிப்புகள் இருக்கலாம். இச்சொல்லை "அறிவுரை" என மொழிபெயர்ப்பதால் சிலர் அதனை இலேசாக எடுத்துக் கொள்கின்றனர். "இன்று பிழையில்லை, நாளை பிழையாகலாம்" என்பதே அதன் உட்பொருள்.

சித்தியடைந்த சான்றிதழ், சோதனை நாளின் நிலையை மட்டுமே உறுதிப்படுத்துகின்றது. அடுத்த பன்னிரண்டு மாதங்களும் காரை வீதிக்குத் தகுதியாக வைத்திருப்பது உங்கள் பொறுப்பு. ஆபத்தான நிலையிலுள்ள காரைச் செலுத்தினால் 2,500 பவுண் வரையான தண்டப்பணமும், 3 தண்டப் புள்ளிகளும், செலுத்தத் தடையும் விதிக்கப்படலாம். "எனக்குத் தெரியாது" என்பது காப்புறுதி நிறுவனத்திடமும் எடுபடாது போகலாம்.

பழைய கார் ஒன்றை வாங்க எண்ணுவோர், அதன் பதிவிலக்கத்தை வைத்து அரசாங்க இணையத்தளத்தில் முந்தைய எம்.ஓ.டி முடிவுகளைக் கட்டணமின்றிப் பார்க்கலாம். ஸ்டியரிங் கசிவு பற்றிய குறிப்பு ஆண்டுதோறும் தொடர்ந்து வந்திருப்பின், அக்காரைப் பராமரித்தவரைப் பற்றி அது நிறையவே கூறும்.

10. கராஜில் உங்கள் உரிமைகள்

2015 ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டத்தின்படி, பழுதுபார்ப்பு நியாயமான கவனத்தோடும் திறனோடும் செய்யப்பட வேண்டும். வேலைக்கு முன் விலையை எழுத்தில் கேளுங்கள். "எஸ்டிமேட்" என்பது உத்தேச மதிப்பு, கூடலாம். "கோட்டேஷன்" என்பது ஒப்புக்கொண்ட விலை. உங்கள் இணக்கமின்றிப் பொதுவாகக் கூட்ட முடியாது. "திரவத்தை நிரப்புங்கள்" எனச் சொல்லாமல், "கசிவைக் கண்டுபிடித்து, எந்தப் பாகம் எனக் காட்டுங்கள்" எனச் சொல்லுங்கள். மாற்றிய பழைய பாகத்தையும் பார்க்கக் கேளுங்கள். பிணக்கு ஏற்படின் சிட்டிசன்ஸ் அட்வைஸ் அமைப்பின் நுகர்வோர் உதவி இலக்கமான 0808 223 1133 ஐ அழைக்கலாம்.

11. பழைய திரவத்தை எங்கே கொட்டுவது?

வீதியோர வடிகாலில் ஒருபோதும் கொட்டாதீர்கள். வெளி லண்டனில் மழைநீர் வடிகால்கள் பல, சுத்திகரிப்பின்றி நேரே பிரென்ட், ரோடிங், வாண்டில் போன்ற ஆறுகளில் சேர்கின்றன; அவ்வாறு கொட்டுவது குற்றமும் ஆகும். மூடியுள்ள போத்தலில் அடைத்து, பெயர் எழுதி, வீட்டுக் கழிவு மறுசுழற்சி நிலையத்துக்குக் கொண்டு செல்லுங்கள். எண்ணெய்க்குரிய கொள்கலன் எது என்பதை அங்குள்ள பணியாளரிடம் கேட்டு, அதிலேயே இடுங்கள். வீட்டுக் குப்பைத் தொட்டியும் இதற்குரிய இடமன்று. ஆறொன்றில் எண்ணெய் படர்ந்திருக்கக் கண்டால், சுற்றாடல் முகவரகத்தின் 0800 80 70 60 இலக்கத்துக்கு எந்நேரமும் அறிவிக்கலாம்.

நினைவிற் கொள்க

• மாதம் ஒருமுறை மட்டத்தைப் பார்த்துத் திகதியோடு எழுதுங்கள்.
• மூடியிலும் கையேட்டிலும் குறிப்பிட்ட திரவத்தை மட்டுமே ஊற்றுங்கள்.
• முதன்முறை குறைந்தால் நிரப்புங்கள், கவனித்து வாருங்கள்.
• மறுமுறையும் குறைந்தால் போத்தல் வாங்கச் செல்லாது கராஜுக்குச் செல்லுங்கள்.
• சுக்கான் ஒருமுறை இறுகியிருப்பின், திருத்தும் வரை எவரையும் ஏற்றிச் செல்லாதீர்கள், நீங்களும் ஓட்டாதீர்கள்.

இக்கட்டுரை பொதுத் தகவலுக்கானது. உங்கள் காரின் கையேடும், தகுதிபெற்ற மெக்கானிக்கின் பரிசோதனையும் இதற்கு மேலானவை. ஆங்கிலம் வாசிக்கச் சிரமப்படும் பெற்றோரோ அயலவரோ உங்களுக்கு இருப்பின், இம்மாதம் ஒருநாள் அவர்களது பொனட்டையும் திறந்து, மூடியில் உள்ளதை வாசித்துக் காட்டுங்கள்.